சித்தி இடித்ததை நான் பார்த்தேன்

என் சித்தி ஒரு மனிதரை மொபெட்டால் இடித்துத் தள்ளியதை, எங்கள் வீட்டு முதல் மாடி வராந்தாவில் நின்று என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். இன்றைக்குக் கேட்டாலும் அந்தக் காட்சியை அப்படியே சொல்வேன். அதில் இருக்கும் ஒரே குறை, சித்தி அவரை இடிக்கவே இல்லை என்பதுதான்.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. இரண்டாயிரம் பிறந்ததும் உலகத்துக் கம்ப்யூட்டர்கள் எல்லாம் நின்றுவிடும் என்று பேசிக்கொண்டிருந்த வருடம். எங்கள் தெருவில் யாரிடமும் கம்ப்யூட்டர் இல்லாததால் நாங்கள் நிம்மதியாக இருந்தோம். கொருக்குப்பேட்டையில் ரயில்வே கூட்ஸ் யார்டு மதிலை ஒட்டிய தெரு அது. ஒரு பக்கம் வீடுகள், மறு பக்கம் நீளமான மதில். நடுவே ஒரு மூன்று சக்கர மீன்பாடி வண்டி வந்துவிட்டால் எதிரே வருகிறவர் மதிலோடு மதிலாக ஒட்டிக்கொள்ள வேண்டும். தெருமுனையில் அப்பாவின் மளிகைக்கடை. தெற்கத்திப் பக்கத்திலிருந்து வந்து இருபது வருடம் ஆகியிருந்தது. பேச்சு பாதி வடசென்னைக்கு மாறிவிட்டது; கோபம் வந்தால் மட்டும் ஊர்ப் பேச்சு வெளியே வரும். தெருவுக்கு அவர் அண்ணாச்சி.

சித்தி அம்மாவின் தங்கை. எண்ணூரில் தாத்தா வீட்டிலிருந்து வேலைக்காக எங்களோடு வந்து தங்கியிருந்தாள். ராயபுரத்தில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைகளைச் செக்கிங் செய்கிற வேலை. காலை எட்டரைக்குக் கேட்டை மூடிவிடுவார்கள். ஒரு நிமிடம் பிந்தினாலும் அன்றைக்கு வீடு திரும்ப வேண்டியதுதான். அப்படி மூன்று தடவை திரும்பினால் பிறகு வரவே வேண்டாம். வேலை போனால் எண்ணூருக்கு வந்துவிடு, மாப்பிள்ளை தயாராக இருக்கிறார் என்று தாத்தா சொல்லிவைத்திருந்தார். அந்த மாப்பிள்ளையைச் சித்தி ஒரே ஒரு தடவை பார்த்திருந்தாள். அதுவே போதும் என்பாள். பஸ்ஸை நம்பினால் மாப்பிள்ளைதான் கதி என்று கணக்குப் போட்டு, தன் சம்பளத்தில் ஒரு பழைய மொபெட்டை வாங்கினாள்.

எங்கள் தெருவில் வண்டி ஓட்டிய முதல் பெண் அவள். தெரு அதை லேசில் மன்னிக்கவில்லை. அவள் ஹாரன் அடித்தால் டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர்கள் வேண்டுமென்றே எழுந்து மதிலோடு ஒட்டி நின்று காட்டுவார்கள். அப்பாவும் அரை மனதாகத்தான் சம்மதித்தார். ஒரே ஒரு புகார் வந்தாலும் சாவி அவர் கைக்கு வந்துவிட வேண்டும் என்பது பேச்சு. எனக்கோ அந்த வண்டியின் பின்சீட்டு சிம்மாசனம். சித்தியின் இடுப்பைக் கட்டிக்கொண்டு தண்டையார்பேட்டை வரை போய்வந்தால் வகுப்பில் ஒரு வாரத்துக்கு என் பேச்சுதான்.

இடிபட்டவர் எங்கள் தெரு இஸ்திரிக்காரர். முனையில் தள்ளுவண்டி போட்டு, கரிப்பெட்டியால் துணி தேய்த்து, மூட்டை கட்டிச் சைக்கிளில் வீடு வீடாகக் கொண்டுவந்து கொடுப்பார். குரலை உயர்த்தியே பேசாத மனிதர். அவர் பொய் சொல்லிவிட்டார் என்று இந்தக் கதையில் எங்கேயும் நினைத்துவிடக் கூடாது. இந்தக் கதையில் யாருமே பொய் சொல்லவில்லை, அதுதான் தொல்லையே.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணி இருக்கும். கூட வேலை செய்கிற பெண்ணின் வளைகாப்புக்குச் சித்தி பட்டுப்புடவை கட்டிக்கொண்டு கிளம்பினாள். என்னைக் கூட்டிப்போகவில்லை. நான் வராந்தாக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கோபமாக நின்றேன். அவள் இந்த முனையில் பூ வாங்கிக்கொண்டு திரும்பி, எங்கள் வீட்டு வழியாக வந்தாள். எதிர்ப்பக்கத்திலிருந்து இஸ்திரிக்காரர் பின்னால் துணிமூட்டையோடு சைக்கிளில் வந்தார். இரண்டு வண்டியும் எனக்கு நேர் கீழே வந்து, ஒன்றை ஒன்று மறைத்த அந்த நொடியில் டம் என்று ஒரு சத்தம். மொபெட்டும் சைக்கிளும் முட்டி, அதிர்ந்து, ஆளுக்கொரு பக்கம் தெறித்து விலகின. சைக்கிள் கோணிக்கொண்டு போய்ச் சாக்கடைக் கல்லில் மோதிச் சாய்ந்தது. வெளுத்து மடித்த துணியெல்லாம் சாக்கடையில். சித்தி திரும்பிக்கூடப் பார்க்காமல் மறு முனையில் வளைந்து போய்விட்டாள்.

இடித்ததைக்கூடத் தெரு பொறுத்திருக்கும். நிற்காமல் போனதைப் பொறுக்கவில்லை. விளக்கு வைக்கிற நேரத்தில் சித்தி தலையில் பூவும் கையில் சந்தனமுமாக வந்து இறங்கியபோது எங்கள் வாசலில் ஒரு பஞ்சாயத்தே கூடியிருந்தது. இஸ்திரிக்காரர் வலது மணிக்கட்டில் புது மாவுக்கட்டோடு படியில் உட்கார்ந்திருந்தார். டீக்கடையிலிருந்து மூன்று பேர், பக்கத்து வீட்டு அக்கா, எல்லோரும் பார்த்தவர்கள்.

"நான் இடிக்கலியே மாமா. இடிச்சா எனக்குத் தெரியாதா? அவரைத் தாண்டிப் போனேன், அவ்ளோதான்" என்று சித்தி அப்பாவிடம் சொன்னாள்.

"டம்முனு சத்தம் கேட்டுச்சேம்மா. தெருவே கேட்டுச்சி" என்றார் டீக்கடைக்காரர்.

"எனக்குக் கேக்கல."

இது அவளுக்கு எதிராகப் போய்விட்டது. தெருவே கேட்ட சத்தம் வண்டியில் இருந்தவளுக்கு மட்டும் கேட்கவில்லையாம். இஸ்திரிக்காரர் சங்கடத்தோடு, "வேணும்னு செய்யல அண்ணாச்சி, கொயந்த. சத்தம் வந்திச்சி, ஹேண்டில் ஒரு பக்கமா ஒடிஞ்சிகிச்சி, நான் உயுந்துட்டேன். அவ்ளோதான்" என்றார். அவர் பரிந்து பேசியது அவளை இன்னும் மாட்டிவிட்டது.

அப்பா என்னைப் பார்த்தார். நான் மேலே நின்றது அவருக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் உண்மை பேசுவதற்காகவே எனக்கு ஒரு டிபன் பாக்ஸ் பரிசு கொடுத்திருந்தார்கள். நான் சித்தியைப் பார்க்காமல், ஆனால் தெளிவாக, "இடிச்சுது. நான் பாத்தேன்" என்று சொன்னேன்.

சித்தி சாவியைக் கழற்றி அப்பா கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். அப்பா அதைச் சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்தார். உண்மை சொன்ன பெருமையில் நான் அன்றைக்கு இரண்டு தோசை அதிகமாகச் சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் தண்டனை, எல்லோருக்கும். இஸ்திரிக்காரரின் மனைவிக்கு அந்தக் கரிப்பெட்டியைத் தூக்கக் கை வரவில்லை. ஆகவே எங்கள் தெரு முழுக்கக் கசங்கிப்போய் வேலைக்குப் போனது. பேங்குக்காரர், வாத்தியார், யார்டு கிளார்க் எல்லோரும் சுருட்டி எடுத்த மாதிரி சட்டையோடு பஸ்ஸுக்கு நின்றார்கள். ஒவ்வொரு சுருக்கத்துக்கும் சித்திதான் காரணம் என்கிற பார்வை. அம்மா தினமும் இஸ்திரிக்காரர் வீட்டுக்குச் சோறும் குழம்பும் கொடுத்தனுப்பினாள். சித்தி ஐந்து மணிக்கே எழுந்து பஸ்ஸுக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் ஓடினாள். அப்படியும் முதல் வாரத்தில் ஒரு நாள், அடுத்த வாரத்தில் ஒரு நாள், ஒன்பது மணிக்கெல்லாம் வீட்டுக்குத் திரும்பி வந்து நின்றாள். கேட்டை மூடிவிட்டார்கள். இன்னும் ஒரே தடவைதான் பாக்கி. எண்ணூரிலிருந்து தாத்தா, மாப்பிள்ளை வீட்டார் கேட்கிறார்கள் என்று ஆள் அனுப்பினார்.

ஒரு காலையில் எனக்குத் தலை பின்னிக்கொண்டே சித்தி கேட்டாள். "நிஜமா பாத்தியா கண்ணு?"

"ஆமா சித்தி. நிஜமா."

"சரி" என்று சொல்லி ரிப்பனைக் கட்டினாள். என்னைக் கூட்டிப்போகாத கோபத்தில் சொன்னேனோ என்று எனக்கே ஒரு சந்தேகம் அப்போது வந்தது. ஆனால் கண்ணை மூடினால் இரண்டு வண்டியும் முட்டித் தெறிப்பது தெரிந்தது. தெரிந்ததை இல்லையென்று எப்படிச் சொல்வது?

இரண்டாவது வெள்ளிக்கிழமை ஊரிலிருந்து அத்தை வந்தாள். அப்பாவின் அக்கா. அப்பா உலகத்தில் பயப்படுகிற ஒரே ஆள். அவளோ சத்தத்துக்குப் பயந்தவள். பட்டாசு, இடி, பிரஷர் குக்கர் எதுவும் ஆகாது. வந்த அன்றே சாப்பிடும்போது திடுக்கிட்டுச் சோற்றைக் கீழே போட்டுவிட்டு, "என்னதுல அது, எங்கயும் வீடு இடிஞ்சிட்டா?" என்று அப்பாவைக் கேட்டாள்.

எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. எந்தச் சத்தம்?

"ஏல, டம்முனு விழுதுல்லா. உனக்குக் காது போயிட்டா?"

அப்புறம் கவனித்துக் கேட்ட பிறகுதான் தெரிந்தது. மதிலுக்கு அப்பால் வேகன்களைத் தள்ளிக் கோக்கிறார்கள். ஷண்டிங். பெட்டியும் பெட்டியும் மோதுகிற சத்தம். நான் பிறந்த நாள் முதலாக ஒரு நாளைக்கு நூறு தடவை அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது. அதற்கு மேல் ஒரு வேடிக்கையையும் அத்தைதான் கண்டுபிடித்தாள். அந்தச் சத்தம் வருகிறபோது நாங்கள் எல்லோரும், அம்மா, அப்பா, பக்கத்து வீட்டு அக்கா வரை, பேச்சை ஒரு கணம் நிறுத்தி, பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்கிறோமாம். "எல்லாரும் திக்குவாயா ஆயிட்டீயளா?" என்றாள். நாங்கள் நிறுத்துவது எங்களுக்கே தெரியாது. காது கேட்கிறது, வாய் வழிவிடுகிறது, எங்களிடம் மட்டும் யாரும் சொல்வதில்லை.

மறுநாளே அத்தை இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டாள். சாயங்காலம் என்னோடு வராந்தாவில் உட்கார்ந்து பூ கட்டினாள். கீழே ஒரு தள்ளுவண்டி இந்தப் பக்கமிருந்தும், கேஸ் சிலிண்டர் சைக்கிள் அந்தப் பக்கமிருந்தும் வந்தன. நேர் கீழே வந்தபோது முட்டிக்கொண்டன. நான் "ஐயோ, இடிச்சிட்டான்" என்று எழுந்தேன்.

அத்தை எட்டிப் பார்த்தாள். "எங்கட்டி இடிச்சான்? அவன் அவன்பாட்டுக்குல்லா போறான்."

உண்மைதான். இரண்டு பேரும் அவரவர் வழியில் போய்க்கொண்டிருந்தார்கள். ஒருவர் மற்றவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சிலிண்டர்காரர் விசிலடித்துக்கொண்டு போனார். நான் உட்கார்ந்து தெருவையே பார்க்க ஆரம்பித்தேன். வண்டிகள் எதிரெதிரே கடந்துகொண்டே இருந்தன, எதுவும் முட்டவில்லை. ரொம்ப நேரம் கழித்து இரண்டு சைக்கிள்கள் ஒன்றை ஒன்று மறைத்த சமயம் பார்த்து மதிலுக்கு அப்பால் டம் என்றது. கண் முன்னால் இரண்டும் முட்டித் தெறித்தன. பிறகு ஒன்றுமே நடக்காதது போல ஓடின. நான் அத்தையைப் போலவே காதில் விரலை அடைத்துக்கொண்டு பார்த்தேன். எத்தனை பார்த்தும் ஒன்றுகூட முட்டவில்லை. விரலை எடுத்தேன். சத்தமும் சந்திப்பும் ஒன்றாக வாய்த்த ஒரு தடவை மறுபடியும் முட்டின.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தையிடம் ஆதியோடந்தமாகச் சொன்னேன். பஞ்சை எடுக்க வைத்து இரண்டாவது தடவையும் சொன்னேன்.

அத்தை அப்பாவைக் கூப்பிட்டாள். அப்பா முதலில் சிரித்தார். அத்தை, "சிரிக்காதல. நாளைக்கு அதே நேரம், அதே எடம். நீயே சைக்கிள்ல வா" என்று சொன்னதும் சிரிப்பை நிறுத்தினார். அக்கா சொல்லை அப்பா தட்டமாட்டார், அதைவிட, அவருக்கும் இரண்டு வாரமாக மனசு சரியில்லை என்று எனக்கு இப்போது தோன்றுகிறது.

ஞாயிறு நாலு மணிக்கு எங்கள் வராந்தா தாங்குமா என்கிற அளவுக்குக் கூட்டம். டீக்கடை மூவர், பக்கத்து வீட்டு அக்கா, நடுவில் மாவுக்கட்டோடு இஸ்திரிக்காரர், ஓரத்தில் பஞ்சோடு அத்தை. கீழே அப்பா, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, இஸ்திரிக்காரரின் சைக்கிளில். பின்னால் துணிமூட்டைகூட வைத்துவிட்டார்கள். எதிரே சித்தி மொபெட்டில். சாவியை அன்று ஒரு மணி நேரத்துக்கு இரவல் கொடுத்திருந்தார்கள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

ஒரு தடவை கடந்தார்கள். ஒன்றுமில்லை. இரண்டாவது தடவையும் ஒன்றுமில்லை. யார்டில் எங்கள் வசதிக்காகவா வேகன் கோக்கிறார்கள்? அப்பா ஒரு கோடிக்கும் சித்தி மறு கோடிக்குமாகப் போய்ப் போய்த் திரும்பினார்கள். அப்பா சைக்கிள் ஓட்டிப் பல வருடம் ஆகியிருந்தது. ஏழாவது தடவை அவருக்கு மூச்சு வாங்கியது. டீக்கடைக்காரர், "அண்ணாச்சி, போதும், இன்னாத்துக்கு இந்தப் பேஜாரு?" என்று மேலேயிருந்து குரல் கொடுத்தார். நான் கம்பியில் நெற்றியை வைத்து அழுத்திக்கொண்டு, ரயிலே, சத்தம் போடு, ரயிலே, சத்தம் போடு என்று வேண்டிக்கொண்டிருந்தேன்.

பத்தோ பதினொன்றோ, எண்ணிக்கை விட்டுப்போன ஒரு தடவை, அப்பாவும் சித்தியும் சரியாக எங்களுக்குக் கீழே ஒன்றானபோது டம் என்றது.

வராந்தாவே கத்தியது. "இட்ச்சிட்டா, அண்ணாச்சிய இட்ச்சிட்டா" என்று முதலில் அலறியவர் இஸ்திரிக்காரர். மாவுக்கட்டுக் கையாலேயே கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். நானும் கத்தினேன். தெரிந்திருந்தும் எனக்கு முட்டியதாகத்தான் தெரிந்தது.

அப்பா சைக்கிளை நிறுத்தி இறங்கினார். முழங்கையைத் திருப்பிப் பார்த்தார். சக்கரத்தைப் பார்த்தார். பிறகு மேலே அண்ணாந்து எங்கள் எல்லோரையும் பார்த்தார்.

"என் மேல படவே இல்லியே" என்றார்.

"பட்டுச்சி அண்ணாச்சி, நான் பாத்துகினேதான கீறேன்" என்றார் இஸ்திரிக்காரர்.

"எம்மேலயா?"

அத்தை பஞ்சை எடுக்காமலே உரக்க, "ரெண்டும் ஒழுங்காத்தானல போச்சு, எதுக்குக் கத்துதாவ?" என்று கேட்டாள். இஸ்திரிக்காரர் அத்தையைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார். மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார். "அப்ப அன்னிக்கும் அந்தச் சத்தத்துக்குத்தான் பயந்து ஹேண்டில ஒடிச்சிட்டேனா?" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். அவர் சிரித்ததும் தெருவே சிரித்தது. அன்று இருட்டும் வரை எங்கள் தெருவில் பெரிய மனிதர்கள் எல்லாம் காதில் விரலை வைத்துக்கொண்டும் எடுத்துக்கொண்டும், போகிற வருகிற சைக்கிள்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் புதிதாக யாராவது வந்திருந்தால் எங்களை என்ன நினைத்திருப்பார்களோ.

சமீபத்தில் என் மகள் கம்ப்யூட்டரில் ஒரு விளையாட்டுக் காட்டினாள். இரண்டு புள்ளிகள் எதிரெதிரே வந்து ஒன்றை ஒன்று கடந்து போகும். சத்தமில்லாமல் பார்த்தால் கடந்து போகின்றன. சந்திக்கிற நொடியில் டிக் என்று ஒரு சத்தம் சேர்த்தால், அதே புள்ளிகள் முட்டித் திரும்புகின்றன. மூளைக்குக் கண்ணும் காதும் தனித்தனியாகச் சொல்வது பிடிக்காதாம், இரண்டையும் சேர்த்து ஒரே கதையாக்கித்தான் நமக்குக் காட்டுமாம். அவள் விளக்கிக்கொண்டே போனாள். நான் கொருக்குப்பேட்டை வராந்தாவில் நின்றுகொண்டிருந்தேன்.

அன்று அப்பா எல்லோர் முன்னிலையிலும், "சாவி ஒங்கிட்டயே இருக்கட்டும்மா" என்றார். அதற்கு மேல் மன்னிப்புக் கேட்கிற பழக்கம் அவருக்கு இல்லை. எனக்குப் பெரிய பாரம் இறங்கியது போல இருந்தது. சித்தியின் வேலை தப்பித்தது, எண்ணூர் மாப்பிள்ளை தூரப் போனார், நான் பொய் சொன்னவளும் இல்லை என்றாகிவிட்டது. துள்ளிக்கொண்டு கீழே ஓடினேன். சித்தி வண்டியைக் கிளப்பாமல், ஹேண்டிலில் முகத்தைக் கவிழ்த்துக் குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தாள்.

"சாவிதான் கெடச்சிடுச்சே சித்தி, ஏன் அழுவுற?" என்று கேட்டேன். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, என்னைத் தூக்கிப் பின்சீட்டில் வைத்தாள். அன்றைக்குத் தண்டையார்பேட்டையைத் தாண்டிக் கடற்கரை வரைக்கும் போனோம். சாவி கிடைத்த சந்தோஷத்தில் அழுகிறாள் என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மகள் அந்தப் புள்ளிகளைக் காட்டிய அன்று சித்திக்குப் போன் செய்தேன். இப்போது அவள் மருமகள் எடுத்தவள். நான் சொன்னதைக் கேட்டு நிறையச் சிரித்தாள். பிறகு அவளாகவே சொன்னாள். "தெரு சொன்னதெல்லாம் எனக்குப் பெருசா படல கண்ணு. நீ சொன்ன பாரு, நீதான் பொய் சொல்ல மாட்டியே. தெனம் விடியக்காலைல பஸ்ஸுக்குப் போறதுக்கு முன்னாடி வண்டிகிட்ட குந்தி, மட்கார்டுல எங்கனா கீறல் கீதான்னு தேடுவேன். ஒண்ணும் இருக்காது. அப்பவும் இடிச்சிருப்பேன்னுதான் நெனப்பேன். கடைசில, இடிச்ச மாதிரியே எனக்கு ஞாபகம் வர ஆரம்பிச்சிடுச்சி."

பதினான்கு நாள் சித்தி தன் கையையும் கண்ணையும் நம்பாமல் என்னை நம்பியிருக்கிறாள். அன்று தெரு நடுவில் அவளுக்குத் திரும்பக் கிடைத்தது தன் மேல் இருந்த நம்பிக்கை. பத்து வயதில் நான் அதைச் சாவி என்று நினைத்தேன்.